நூலை இழுத்தவள்

சண்டை எதில் தொடங்கினாலும் ஜெபராஜ் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். சாம்பாரில் உப்புக் குறைந்தாலும் சரி, மகளின் ஷூ தொலைந்தாலும் சரி. கொஞ்ச நேரம் கத்துவான். பிறகு குரலை இறக்கிச் சொல்வான்:

"நீதான் நூலை இழுத்தவளாச்சே."

அவன் கத்தும்போது தபீதாளுக்கு ஒன்றும் ஆவதில்லை. குரல் இறங்கும்போதுதான் அவளுக்குக் காது அடைத்துக்கொள்ளும்.

மூத்தவள் வேதா பிறந்த இரண்டாம் மாதம், அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போடுவதற்காகத் தபீதாளுக்குக் காப்பர்-டி போட்டார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் டி வடிவச் சாதனம் அது; அதன் வாலில் தொங்கும் நூலைப் பார்த்துத்தான் அது இடத்தில் இருக்கிறதா என்று சொல்வார்கள். போட்டவர் டாக்டர் ஞானஜோதி. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் அவருடைய கிளினிக் இருந்தது. கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு அவர் உட்கார்வது முதல் வரிசையில். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அன்றைக்கு மேஜைமேல் படுத்திருந்த தபீதாள் வலி தாங்காமல் கத்திவிட்டாள். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

"முழுசா ஒரு பிள்ளையைப் பெத்தவ, இந்தச் சின்னதுக்கா கத்தறே?" என்றார் டாக்டர். நர்ஸ் சிரித்தாள். தபீதாளும் சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த வருஷம் ஜெபராஜுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் அவன். பாஸ்போர்ட் வந்தது, மெடிக்கல் முடிந்தது, புதுப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. அந்த மாதம்தான் தபீதாளுக்கு நாள் தள்ளிப்போனது. கிளினிக்கில் பரிசோதித்துப் பார்த்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நூல் தெரியல. விழுந்துடுச்சு."

"விழுந்தா தெரியாதா டாக்டர்?" என்று ஜெபராஜ் கேட்டான்.

"பாத்ரூம் போகும்போது போயிருக்கும், கவனிச்சிருக்க மாட்டாங்க." டாக்டர் குழாயைத் திறந்து கை கழுவினார். "சில பேர் தாங்களே நூலை இழுத்துப் போட்டுடறதும் உண்டு."

அவர் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. சோப்பு நுரைக்கு நடுவில் வந்து விழுந்த பேச்சு அது. ஜெபராஜ்தான் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துவந்தான்.

இரண்டாவது பிரசவம் கஷ்டமாக இருந்தது. படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். விசா காலாவதியானது. மஸ்கட்டுக்கு வேறொருவன் போனான். மகன் பிறந்து, ஜெபசீலன் என்று பெயர் வைத்து, ஞானஸ்நானமும் கொடுத்த பிறகு ஜெபராஜ் தன் தம்பி கல்யாணத்தில், பந்தியில், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "புருஷனை அனுப்ப மனசில்ல. நூலைப் புடிச்சு இழுத்துட்டா." எல்லோரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தபீதாள் ரச வாளியோடு நின்றாள்.

ஆரம்பத்தில் அவள் மறுத்தாள். அழுதாள். ஒருநாள் பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். "அதையும் ஏன் இழுக்கறே?" என்றான் அவன். மாமியார் ரத்தினபாய் சமையலறையிலிருந்து, "விடுடா, பையன் பொறந்தான்ல" என்றாள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த ஆதரவு அவ்வளவுதான். பையன் பிறந்ததால் அவளை மன்னித்துவிட்டார்கள். எதற்காக மன்னித்தார்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவள் பேசுகிறவள் இல்லை. சங்கக் கூட்டத்தில் வசனம் வாசிக்கச் சொன்னாலே பக்கத்தில் இருப்பவளிடம் பைபிளைத் தள்ளிவிடுவாள்.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. வருஷங்கள் போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குளிக்கும்போது தெரியாமல் கை பட்டிருக்குமோ? துணி மாற்றும்போது சிக்கியிருக்குமோ? செய்யாத ஒன்றை எந்த நாளில் செய்திருப்போம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

பம்மலில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் அவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். நீர்க்கடுப்பு அங்கேதான் ஆரம்பித்தது. சிறுநீர் கழித்து முடிக்கும் கடைசிச் சொட்டில் ஊசி குத்துவதுபோல ஒரு வலி. முடித்து வெளியே வந்தால் மறுபடி போக வேண்டும்போல இருக்கும். வீட்டில் சொன்னாள்.

"சூடு" என்றாள் ரத்தினபாய். "வெந்தயம் முழுங்கு."

டாக்டர் ஞானஜோதியும் அதையேதான் கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார். "டீச்சர்ஸ் எல்லாருக்கும் இதே கம்ப்ளைன்ட். ஸ்கூல்ல பாத்ரூம் சரியில்லன்னு தண்ணியே குடிக்க மாட்டீங்க. பாடி ஹீட் ஆயிடும். பார்லி குடி." ஒரு சிரப்பும் ஐந்து நாளைக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் நின்றது. நிறுத்தினால் வந்தது. வந்தால் மறுபடி மாத்திரை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூட டாக்டர் படுக்கச் சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டார் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். போர்வெல் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ஊர் அது. வாழைத்தண்டுச் சாறு குடி என்றார்கள். குடித்தாள். சிறுபீளைக் கஷாயம் குடித்தாள். வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். இளநீர் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.

பிறகு இன்னொன்று தொடங்கியது. நன்றாக வந்துகொண்டிருக்கும் நீர் பாதியில் சட்டென்று நின்றுவிடும், யாரோ உள்ளே அடைப்பானை வைத்து மூடியதுபோல. எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, முன்னால் குனிந்தால் திரும்ப வரும். எப்படிச் சாய வேண்டும் என்பதை அவள் உடம்பு கற்றுக்கொண்டது. பல்லாவரத்திலிருந்து பம்மலுக்குள் போகும் ரோட்டில் பஸ் குலுக்கினால் அடிவயிற்றில் ஏதோ உருண்டு மோதும். படுத்தால் வலி இருக்காது. படுத்தால் வலி போகிறது என்றால் அது சோம்பேறித்தனம் என்று ஜெபராஜ் கண்டுபிடித்தான்.

"ஸ்கூலுக்குப் போறப்ப மட்டும் வலிக்குதாக்கும்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஒரு வெயில் காலத்தில், இன்டர்வெல்லில், பள்ளியின் தகரக் கதவுக் கழிப்பறையிலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயா கிளியம்மாள் கதவைத் தட்டித் திறந்து, கீழே சிமென்ட் தரையைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர் இது? இம்மாம் ரத்தம்!"

"சூடு ஆயா."

"சூடா? அடுப்பைக் கட்டிக்கினு படுத்தாக்கூட இப்டி வராது. எவ சொன்னா ஒனக்குச் சூடுன்னு?"

"டாக்டர்."

"அப்ப அந்த டாக்டருக்குத்தான் சூடு. போய் வேற ஆளப் பாரு, போ. கிளாஸ்ல நான் குந்திக்கிறேன்."

தபீதாள் வீட்டுக்குப் போகவில்லை. கேம்ப் ரோட்டுக்கும் போகவில்லை. பல்லாவரம் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றாள். யாரிடமும் சொல்லாமல் அவள் எடுத்த முதல் முடிவு அது. வரிசையில் நிற்கும்போதே பயமாக இருந்தது, ஏதோ திருடப் போகிறவள் மாதிரி.

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தவர் ஈரப் படத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருட்டறையிலிருந்து வெளியே வந்து அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, லூப்பு போட்டுகினு கீறியா?"

"இல்லைங்க. முன்னாடி போட்டது. விழுந்துடுச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"தெரியல. விழுந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாங்க."

"விழலம்மா," என்றார் அவர். "இங்கதான் கீது."

படத்தை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினார். இடுப்பெலும்புக் கிண்ணத்தின் நடுவில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வெள்ளை. வெள்ளைக்குள் அதைவிட வெள்ளையாக, சாய்ந்து கிடக்கும் ஒரு டி.

தபீதாள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. வலியோ பயமோ அப்போது இல்லை. ஒரே ஒரு சொல்தான் உள்ளே ஓடியது: இழுக்கல. இழுக்கல. நான் இழுக்கல.

அங்கே அவளைப் பார்த்த டாக்டர் சுப்பராயலு அதிகம் பேசாதவர். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"போடும்போது ரொம்ப வலிச்சுதா?"

"மயக்கம் வந்துடுச்சு சார்."

"பிரசவம் ஆன புதுசுல கர்ப்பப்பை மெத்துன்னு இருக்கும். அன்னைக்கே குத்திக்கிட்டு வெளிய வந்திருக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து மூத்திரப்பைக்குள்ள வந்திருக்கு. அங்க உப்பு அதுமேல படிஞ்சு படிஞ்சு கல்லாயிடுச்சு."

"எங்க ஊர்த் தண்ணின்னு சொன்னாங்க சார்."

"தண்ணின்னா ஊர் பூராவும் இல்ல வரணும்? கல்லு சேர்றதுக்கு ஒரு பிடிமானம் வேணும். உங்களுக்கு இதுதான் பிடிமானம். அடிக்கடி கிருமி புடிச்சதும் இதனாலதான். மாத்திரைக்கு அடங்கும், திரும்ப வரும்."

"நூல் தெரியலன்னா விழுந்துடுச்சுன்னுதானே சார் அர்த்தம்?"

அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நூல் தெரியலன்னா நூல் தெரியலன்னு அர்த்தம். அவ்வளவுதான். எங்க இருக்குன்னு தேடணும். வயித்துல பிள்ளை இருந்ததால அப்ப எடுக்கல, சரி. பிரசவத்துக்கு அப்புறம் ஒரே ஒரு படம் எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

ஒரே ஒரு படம். ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பழுப்பு உறையை மடியில் வைத்திருந்தாள். கிண்டி, பரங்கிமலை, மீனம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் போயின. இத்தனை வருஷமும் அவள் குடித்த வெந்தயமும் பார்லியும் கஷாயமும் வாயில் திரும்ப வந்தன. ரச வாளியோடு நின்றது, பைபிள்மேல் கை வைத்தது, குளியலறையில் தன் கையையே சந்தேகத்தோடு பார்த்தது எல்லாம் வந்தன. தாம்பரத்தில் இறங்கும்போது உடம்பு நடுங்கியது. அழுகை என்று முதலில் நினைத்தாள். அது கோபம். இவ்வளவு கோபம் தனக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஜெபராஜ் வேலையிலிருந்து வந்து காபி குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள். பிறகு படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்ன இது?"

"பாருங்க. என்ன எழுத்து தெரியுது?"

அவன் பார்த்தான். ரத்தினபாயும் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"உள்ளேயேவா இருந்துச்சு?" என்றாள் ரத்தினபாய். "கர்த்தாவே."

"நான் இழுக்கல" என்றாள் தபீதாள்.

ஜெபராஜ் படத்தை அவளிடம் கொடுத்தான். "எனக்கு எப்படித் தெரியும்? டாக்டரே அப்படித்தானே சொன்னாங்க."

"டாக்டர் சில பேர்னாங்க. நீங்க என்னைச் சொன்னீங்க."

"சரி விடு. இப்பதான் தெரிஞ்சுபோச்சே." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கைகால் கழுவப் போகிறவன் கொல்லைக் கதவில் நின்று திரும்பினான். "இதை ஊர் பூரா சொல்லிட்டிருக்காத. கல்லுன்னு சொல்லு, போதும். உள்ள என்ன இருந்துச்சுன்னு எல்லாம் சொன்னா அசிங்கமா இருக்கும்."

கல்யாணப் பந்தியில் சொல்லும்போது அசிங்கமாக இல்லை.

ஆபரேஷன் அடுத்த மாதம் நடந்தது. அடிவயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க முடியும், பெரிய கல், உள்ளே சாமான் வேறு என்று சொன்னார்கள். எடுத்த பிறகு நீர் போவதற்கு டியூப் வைத்திருந்தார்கள். டியூபை எடுத்த நாளன்று அவள் தட்டுத் தடுமாறிக் கழிப்பறைக்குப் போனாள். நீர் நேராக வந்தது. நடுவில் நிற்கவில்லை. கடைசிச் சொட்டில் ஊசி இல்லை. சாயாமல், குனியாமல், எல்லோரையும்போல. உட்கார்ந்த இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டாள். இது இவ்வளவு சுலபமானது என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். மறக்கவைத்தவர்கள் மேல் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கோபம் ஏறியது.

டாக்டர் ஞானஜோதி வரவில்லை, ரத்தினபாயிடம் சாத்துக்குடி கொடுத்தனுப்பியிருந்தார். கல் என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும், சங்கத்தின் அடுத்த கூட்டத்தை நம் வீட்டில் வைக்கலாம் என்று ரத்தினபாய் ஏற்பாடு செய்தாள். சுகம் கிடைத்தவர்கள் வீட்டில் கூட்டம் வைத்து, எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அது சங்கத்தில் உள்ள வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. அது டாக்டர் ஞானஜோதியே கொண்டுவந்தது. சாட்சி சொன்னவர்தான் முடிவு ஜெபம் பண்ண வேண்டும். முடிவு ஜெபம் ஆகாமல் யாரும் எழுந்து போகக் கூடாது. முன்பெல்லாம் டீ குடித்ததும் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள் என்பதற்காக வந்த சட்டம்.

"உனக்குப் பேச்சு வராதே, நான் வேணா சொல்லிடட்டுமா?" என்று ரத்தினபாய் கேட்டாள்.

"நானே சொல்றேன் அத்தை."

மருமகள் இப்படிச் சொன்னதில் ரத்தினபாய்க்குச் சந்தோஷம். ஜெபராஜ்தான் ஒருமுறைக்கு இரண்டுமுறை நினைவுபடுத்தினான். "கல்லு. தெரிஞ்சுதா? ரெண்டு வார்த்தை. கர்த்தர் கல்லை நீக்கினார், ஸ்தோத்திரம். முடிச்சுடு."

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். கூடம் நிறையப் பெண்கள். பாய் போதாமல் படுக்கை விரிப்பை விரித்தார்கள். டாக்டருக்கு மட்டும் நாற்காலி. ஜெபராஜ் சமையலறை வாசலில் டீ டம்ளர்த் தட்டோடு நின்றான். பாட்டு முடிந்தது. வசனம் வாசித்தாயிற்று. டாக்டர் புன்னகையோடு கையை நீட்டினார்.

"நம்ம தபீதாள் முதல் தடவையா வாயைத் திறக்கப் போறா. எல்லாரும் கேளுங்க."

பெண்கள் சிரித்தார்கள். தபீதாள் எழுந்து நின்றாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு மூத்திரப்பையில கல்லு இருந்துச்சு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க."

"ஸ்தோத்திரம்" என்றார்கள். ஜெபராஜ் தட்டோடு ஓர் அடி முன்னால் வந்தான்.

"அந்தக் கல்லுக்குள்ள காப்பர்-டி இருந்துச்சு."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. ஜெபராஜ் நின்றான்.

"வேதா பொறந்தப்ப போட்டது. விழுந்துடுச்சுன்னு சொன்னாங்க. விழல. குத்திக்கிட்டுப் போய் உள்ள உக்காந்திருந்துச்சு. இத்தனை வருஷமும் அதைச் சூடுன்னாங்க."

"தபீதா," என்றார் டாக்டர். புன்னகை இன்னும் முழுசாகப் போகவில்லை. "இது ரொம்ப ரேர்மா. ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும். கர்த்தர் உன்னைக் காப்பாத்திட்டார், அதுக்கு நன்றி சொல்லு. மத்ததை நீ கிளினிக்குக்கு வா, பேசலாம்."

"நன்றி சொல்றேன் டாக்டர். அதுக்கு முன்னாடி ஒண்ணு வேணும்." குரல் இப்போது வந்துவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். "நூல் தெரியாத அன்னைக்கு நீங்க கை கழுவிட்டே ஒண்ணு சொன்னீங்க. சில பேர் தாங்களே இழுத்துப் போட்டுடுவாங்கன்னு."

"பொதுவாச் சொல்லியிருப்பேன்."

"பொதுவாத்தான் சொன்னீங்க. இவர் பக்கத்துல நின்னுட்டிருந்தார். அன்னையிலேருந்து எனக்கு இந்த வீட்டுல அதுதான் பேரு. நூலை இழுத்தவ. இவர் மஸ்கட் போகாததுக்கு நான்தான் காரணம். கல்யாண வீட்டுல சொல்லிச் சிரிச்சாங்க. நான் இழுக்கலன்னு நான் சொன்னா யாரும் நம்பல. நீங்க சொல்லுங்க."

"என்ன சொல்லணும்?"

"தபீதாள் இழுக்கல. நான் படம் எடுத்துப் பார்க்கல. அது ரெண்டையும் சொல்லுங்க."

"வீட்டுப் பிரச்சினைய இங்க கொண்டுவராதே" என்று டாக்டர் எழுந்தார். கைப்பையை எடுத்தார். "கிளினிக்ல பேஷன்ட்ஸ் காத்திருப்பாங்க. ரத்தினபாய்ம்மா, முடிவு ஜெபம் பண்ணிடலாம்."

"சாட்சி சொன்னவங்கதானே பண்ணணும்?" என்றாள் தபீதாள். "என் சாட்சி இன்னும் முடியல."

டாக்டர் வாசலைப் பார்த்தார். தான் போட்ட சட்டத்தைத் தானே மிதித்துக்கொண்டு போகவிடாமல் பதினைந்து ஜோடிக் கண்கள் குறுக்கே நின்றன. அவர் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

அப்போது மூலையிலிருந்து ஜீவரத்தினம் பேசினாள். செலையூரில் தையல் மெஷின் வைத்திருப்பவள். தபீதாளைவிடச் சின்னவள்.

"டாக்டரம்மா, எனக்கும் விழுந்துடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

டாக்டர் திரும்பினார்.

"போன வருஷம். நூல் காணோம்னீங்க. எனக்குப் படம் எடுக்கலியே."

யாரோ ஒருத்தி தன் முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஞானஜோதியின் முகத்தில் இருந்ததெல்லாம் போய், அங்கே களைத்துப்போன ஒரு வயதான பெண் இருந்தாள். கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார்:

"தபீதாள் இழுக்கல. நான் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல."

"எல்லாருக்கும் கேக்கல டாக்டர்."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு அதுவும் போனது. சத்தமாக இன்னொரு முறை சொன்னார்.

தபீதாள் சமையலறை வாசலைப் பார்த்தாள். "நீங்க?"

ஜெபராஜ் தட்டைக் கீழே வைத்தான். டம்ளர்கள் குலுங்கின. "இதென்ன கோர்ட்டா?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனான்.

"தபீதா, போதும்மா" என்றாள் ரத்தினபாய். "இவ்வளவு ஆனது போதும். ஜெபம் பண்ணிடு. எல்லாரும் வீட்டுக்குப் போணும்ல."

"அவர் வரட்டும் அத்தை."

"வரலன்னா?"

"வர்ற வரைக்கும் முடிவு ஜெபம் கிடையாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்குக் குழந்தையை டியூஷனுக்கு அழைத்துப்போக வேண்டும். ஒருத்தி அடுப்பில் பால் வைக்கும் நேரம் என்றாள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. டீ ஆடை கட்டியது. ஜீவரத்தினம் சம்மணத்தை மாற்றிப் போட்டு இன்னும் நன்றாக உட்கார்ந்தாள். "நான் இங்கயே இருக்கேன்க்கா" என்றாள். ஒரு கிழவி, "அந்தப் பையனைக் கூப்பிடுங்கடி, எனக்கு மூத்திரம் முட்டுது" என்றாள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசியில் ரத்தினபாய்தான் போனாள். தெருக்கோடியில் பெட்டிக்கடையில் நின்றவனிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் பின்னால் அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். வாசற்படியில் கழற்றிக் கிடந்த செருப்புகளுக்கு நடுவில் நின்றான். உள்ளே வர இடமில்லை. அத்தனை பேரும் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"அவ இழுக்கல" என்றான்.

"யாரு?" என்றாள் தபீதாள்.

"தபீதா. தபீதா இழுக்கல. நான்தான்..." நிறுத்தினான். "நான் சொன்னது தப்பு."

தபீதாள் கண்களை மூடினாள். எல்லோரும் மூடினார்கள். மனதில் நன்றி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, கோபம் அப்படியே இருந்தது. அதைப் பொய்யாக மூடி ஜெபம் செய்ய அவளுக்கு மனமில்லை.

"ஆமென்" என்றாள்.

பெண்களும் அவசரமாக ஆமென் சொல்லிவிட்டுச் செருப்புத் தேடினார்கள். டாக்டர் ஞானஜோதி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். ஜெபராஜ் அவர்களுக்கு வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

ஜீவரத்தினம் மட்டும் போகவில்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத் தபீதாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, அந்தப் படம் எடுக்கிற இடம் எங்க?"

"பார்க்ல இறங்கணும். திங்கக்கிழமை ஸ்கூலுக்கு லீவு போடறேன்," என்றாள் தபீதாள். "சேர்ந்து போலாம்."